ஒருமையில் ஒரு சொல்

ஆயுத உரிம விசாரணை அலுவலகத்தில் தினகரபாண்டியனைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் இருந்த காவலர் பெயரைக் கேட்டார், பட்டியலில் விரலை ஓட்டினார், "ஏழாவதா இருக்கீங்க, உக்காருங்க" என்றார். செங்குளத்துப்பட்டி தளவாய் வீட்டில் பிறந்து எழுபத்திரண்டு வயதுவரை எதிலும் ஏழாவதாக இருந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். சுவரோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் முதுகைச் சாய்க்காமல், இரண்டு கைகளையும் முழங்காலின்மேல் வைத்தபடி இருந்தார். சாய்ந்துகொள்ளச் சொல்லி அந்த முதுகு பத்தொன்பது நாளாக அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தது. அவர் இடம் கொடுக்கவில்லை.

பத்தொன்பது நாளைக்கு முன்பு, விடியும் நேரத்தில், அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி மக்காச்சோளக் காட்டுக்குள் இருந்த குருசாமியைச் சுட்டுவிட்டது. குருசாமி சோலார் வேலி பழுதுபார்க்கிறவன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுட்டது யார் என்பதில் சந்தேகம் இல்லை. சுடச் சொன்னது யார் என்பதைத்தான் இன்றைக்கு இந்த அலுவலகம் முடிவு செய்ய வேண்டும்.

துணைக்கைச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு, தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதோடு அரசாங்கத்தின் தொந்தரவு முடிந்துவிடும். கல்யாண ஊர்வலத்தில் ஒன்று, பங்காளிச் சண்டையில் ஒன்று, கோயில் கொடையில் ஒன்று என்று ஒரே ஆண்டில் வரிசையாகச் சாவுகள் விழுந்த பிறகு, உரிமம் உள்ள ஒவ்வொரு துப்பாக்கியின் அடிக்கட்டையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புச் சில்லைப் பதித்தார்கள். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினால், எங்கோ இன்னொருவர் மணிக்கட்டில் இருக்கும் காப்புக்கு அழைப்பு போகும். அந்த இன்னொருவருக்குத் துணைக்கை என்று பெயர். என்ன, எங்கே, பின்னால் ஆள் உண்டா என்று அவர் கேட்பார். மனம் ஒப்பினால் 'விடு' என்பார். உடனே சில்லில் பச்சை விளக்கு எரியும், விசை இளகும். அவர் சொல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்.

துணைக்கையை யாரும் தாமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. கணினி தேர்ந்தெடுக்கும். குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்குப் பயப்பட யாருக்கு அதிகக் காரணம் இருக்கிறதோ அவரைத்தான் அது எடுக்கும். தளவாய் வீட்டுத் துப்பாக்கிக்கு அது எடுத்த பெயர், கிழக்குத் தெருப் பியூலா. பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிறவள். தேர் எந்தத் தெரு வழியாக வருவது என்று ஒரு காலத்தில் நடந்த தகராறில், தினகரபாண்டியனின் அண்ணன் மாடியில் ஏறி நின்று சுட்டார். வானத்தைப் பார்த்துச் சுட்டதாகத்தான் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குத் தோளில் ஏறிய இரண்டு ரவைகளோடுதான் பியூலாவின் அப்பா செத்துப்போனார்.

"அப்பா, ஒரே ஒரு வரி. அதைத் தாண்டி எதுவும் பேசாதீங்க," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் கவின்பாண்டியன். உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் அவன். காலையிலிருந்து இது நான்காவது தடவை.

"எந்த வரி?"

"அந்தம்மா 'விடுங்க'ன்னு சொன்னது வேண்டாம், விட்டுடுங்கங்கற அர்த்தத்துல. மிஷின் அதைச் சுடுங்கன்னு எடுத்துக்கிச்சு. அவ்வளவுதான். உங்க மேலயும் தப்பில்ல, அந்தம்மா மேலயும் தப்பில்ல. தப்பு மிஷின் மேல. மிஷின் தப்புன்னா சட்டம் தப்பு. நம்ம வக்கீல் அடுத்த வாரமே ஐகோர்ட்டுல நிப்பாரு. இப்படி ஒரு கேஸுக்காக எட்டு வருஷமாக் காத்திருக்கோம்."

"குருசாமி கால் போறதுக்காகவா காத்திருந்தீங்க?"

"நான் அப்படிச் சொல்லலப்பா." கவின் குரலைத் தணித்தான். "நம்ம நிலம், நம்ம சோளம், நம்ம துப்பாக்கி. பன்னியைச் சுடறதுக்குக் கிழக்குத் தெருவுல அனுமதி கேட்டு நிக்கறோம். ஆயுதம் வச்சுக்கறது உரிமைன்னா, அதைத் தூக்கினதும் இன்னொருத்தர் வாயைப் பாத்துட்டு நிக்கறது என்ன உரிமை? நீங்களே சொன்னதுதான."

சொன்னதுதான். எட்டு வருடத்துக்கு முன்பு, சங்கத்தின் முதல் கூட்டத்தில், இதைவிட உரத்த குரலில். அன்றைக்கு அந்தப் பேச்சு சூடாக இருந்தது. இப்போது மகன் வாயிலிருந்து கேட்கும்போது ஆறிப்போன காபியைத் திரும்பக் காய்ச்சிக் கொடுத்ததுபோல் இருந்தது. ஆயுதம் வைத்திருக்கத் தகுதி உள்ளவன் அதை இறக்கி வைக்கத் தெரிந்தவன் என்றுதான் தளவாய் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அண்ணனுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தார்கள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். குருசாமி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழப் பார்த்தான், கால் இல்லை என்பது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தான்.

"வேலியில கரண்ட் வருதான்னு குனிஞ்சு பாத்துட்டிருந்தேன் அய்யா. கரண்டும் இல்ல, காலும் இல்ல," என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "பன்னின்னு நெனச்சுட்டீங்க. எம் பொண்டாட்டியும் அதான் சொல்லுவா, கொறட்டையைக் கேட்டுட்டு."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பத்து மணிக்குப் பியூலா வந்தாள். காலைப் பால் எடுத்து முடித்துவிட்டு நேரே பேருந்து ஏறியிருக்க வேண்டும். புடவை ஓரத்தில் ஈரம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். பெஞ்சின் மறு கோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டில் சாம்பல் நிறக் காப்பு.

"வந்துட்டியா?" என்றார் தினகரபாண்டியன்.

"வந்துட்டேங்கய்யா."

வேறு என்ன பேசுவது? எட்டு வருடத்தில் முப்பது நாற்பது தடவை அவளோடு பேசியிருக்கிறார். எல்லாம் துப்பாக்கி வழியாகத்தான். கடைசியாகப் பேசியது அந்த விடியற்காலையில். நான்கு நாளாகப் பன்றிகள் சோளத்தைச் சாய்த்துப் போட்டிருந்தன. நான்கு நாளும் மூன்று மணிக்கே எழுந்து வரப்பில் உட்கார்ந்திருந்ததில் இடுப்பு கழன்றுபோயிருந்தது. மூடுபனி. உள்ளே தட்டைகள் அசைந்தன. துப்பாக்கியை உயர்த்தினார்.

"பியூலா, நாந்தான். சோளத்துல அசையுது."

"பன்னியா அய்யா?"

"பன்னிதான்."

"கண்ணால பாத்தீங்களா?"

"நாலு நாளாப் பாக்கறேன்."

"விடுங்கய்யா," என்றாள் பியூலா. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். பச்சை எரிந்தது, விரல் அழுந்தியது, வெடிச் சத்தத்தில் மிச்சம் எதுவும் காதில் விழவில்லை. சத்தம் அடங்கியபோது காட்டுக்குள்ளிருந்து வந்தது மனுஷக் குரல்.

அந்தச் சில்லு யார் குரலையும் சேமித்து வைக்காது. வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிற பொருளாக அது மாறிவிடக் கூடாதென்று சட்டத்திலேயே தடுத்திருந்தார்கள். திறந்த சொல், திறந்த நேரம், இரண்டை மட்டும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 'விடுங்க. 5.52.' இவ்வளவுதான் அரசாங்கத்திடம் இருந்தது. அதை அவள் எப்படிச் சொன்னாள், இவர் எப்படிக் கேட்டார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விசாரணை அலுவலர் நசீமா, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டிருந்தார். மேசைமேல் துப்பாக்கி, துணி சுற்றி, அட்டை கட்டிக் கிடந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு ஏற்கெனவே ஆறு பேர் பொய் சொல்லிவிட்டுப் போன களைப்பு இருந்தது.

"சுருக்கமாக் கேக்கறேன் பியூலாம்மா. இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, எனக்கும் தமிழ் தெரியும். நீங்க சொன்னது எந்த அர்த்தத்துல?"

பியூலா மேசையைப் பார்த்தாள். "சுடட்டும்னுதான் சொன்னேன்."

தினகரபாண்டியன் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. பின்னால் கவின் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவனுடைய ஐகோர்ட்டு வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் செத்துவிட்டது. ஆனால் அப்பா பிழைத்துவிட்டார். எதை நினைப்பதென்று தெரியாமல் கவின் மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

நசீமா வேகமாகத் தட்டச்சு செய்தார். "அப்ப ரெண்டு கையும் சம்மதம், இது விபத்து. சாருக்கு உரிமம் தொடரும். பியூலாம்மா, உங்களைத் துணைக்கையிலேருந்து எடுத்துடுவோம். கவனக்குறைவுன்னு பதிவாகும். சொசைட்டிக்கும் ஒரு கடிதம் போகும், அவங்க என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுதும்மா."

"இங்க பிரிண்டர் வேலை செய்யல. பக்கத்து ரூம்ல எடுக்கணும். பத்து நிமிஷம் வெளிய இருங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்."

நடைக்கூடத்தின் கடைசியில் தண்ணீர்ப் பானை இருந்தது. பியூலா அங்கே போய்த் தண்ணீர் குடித்தாள். தினகரபாண்டியன் பின்னாலேயே போனார். பொது இடத்தில் ஒரு பெண்பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசுவது அவர் வழக்கமில்லை.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"நீங்க பிழைச்சுக்கிட்டீங்கல்லய்யா."

"நான் பிழைக்கணும்னு நீ பொய் சொல்றவ இல்ல."

"இல்லதான்," என்று ஒப்புக்கொண்டாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வேண்டாம்னு சொன்னேன், மிஷின் தானாத் திறந்துடுச்சுன்னு நான் சொன்னா என்ன ஆகும்? உங்க மகன்தான் மூணு நாளா டிவியில சொல்றாரே. சட்டத்தையே தூக்கிடுவாங்க. காப்பு இருக்காது, கேள்வி இருக்காது, பழையபடி தூக்குனவன் சுடுவான். இந்த எட்டு வருஷமாத்தான்யா எங்க தெருவுல மொட்டைமாடியில படுக்கறோம். முன்னெல்லாம் உங்க வீட்டு மாடி தெரியற பக்கமா எவனும் பாய் விரிக்கமாட்டான்."

"அண்ணன் வானத்தைப் பாத்துத்தான்..."

"ஆமாங்கய்யா. அன்னிக்கு வானம் எங்கப்பா தோளு உசரத்துக்கு எறங்கி வந்துருச்சு போல."

அவர் முப்பது வருடமாக வைத்திருந்த பதில் வாய்வரை வந்து, களைத்துப்போய்த் திரும்பியது.

"உன் தெருவுல என்ன சொல்வாங்க?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு. பெரிய வீட்டுக்கு வாயை வாடகைக்கு விட்டவளாம் நான். குருசாமி பொண்டாட்டி சொசைட்டிக்குப் பால் ஊத்த வர்றதில்ல. நான் தொட்ட கேன்ல ஊத்தமாட்டாளாம்."

"நீ அன்னிக்கு மேற்கொண்டு என்ன சொன்ன? எனக்குக் கேக்கல."

"வெளிச்சம் வரட்டும்னு சொன்னேன்."

விடுங்கய்யா, வெளிச்சம் வரட்டும். அவ்வளவு சின்ன வாக்கியம். அதன் முதல் பாதியை ஒரு இயந்திரமும் ஒரு கிழவனும் சேர்ந்து பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

"அது ஏன் திறந்துச்சு?" என்றார். அவளிடம் கேட்டதுபோல் இல்லை.

பியூலா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பயிற்சியில எங்களுக்குக் குடுத்தது 'விடு'ங்கற மொட்டைச் சொல்லுதான். வயசுல பெரியவங்ககிட்ட யாரும் தவறிக்கூட அப்படிச் சொல்லமாட்டாங்க, அதான் பாதுகாப்புன்னு அந்த சார் சொன்னாரு. பெறகு மூணு மாசம் கழிச்சு ஆள் வந்தாங்க. உங்க காப்புக்கு இனிமே 'விடுங்க'ன்னு சொன்னாலும் எடுக்கும்னு மாத்திட்டுப் போனாங்க. ஏன்னு நான் கேக்கல."

அவளுக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்த விதத்திலேயே அது இருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு, பஞ்சாயத்துத் திடலில் சோதனை நாள். ஊரே கூடியிருந்தது. வைக்கோல் பொம்மை ஒன்றை நட்டு வைத்து, துப்பாக்கியை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார். அடிக்கட்டையில் இருந்த சின்ன ஒலிபெருக்கி வழியாக, கிழக்குத் தெருப் பெண்ணின் குரல், சொல்லிக்கொடுத்தபடியே, அத்தனை பேர் காதிலும் விழும்படி, அவரைப் பார்த்து 'விடு' என்றது. கூட்டத்தில் எவனோ கிளுக்கென்று சிரித்தான். அவர் சுடவில்லை. துப்பாக்கியை இறக்கினார், வீட்டுக்கு நடந்தார், அன்று சாயங்காலமே இரண்டு பக்கத்தில் கைப்பட மனு எழுதினார். 'எங்கள் இல்லத்துப் பெரியோரை இவ்வூரில் எவரும் ஒருமையில் விளித்ததில்லை. சட்டத்தின் பெயரால் இந்தச் சிறுமை நேரலாகாது. மரியாதை விகுதியோடு கூடிய சொல்லையும் ஏற்குமாறு கருவியைத் திருத்தித் தரவேண்டும்.' திருத்தித் தந்தார்கள். அவர் அதைத் தம் வாழ்நாளில் அரசாங்கத்தோடு போராடி வென்ற ஒரே காரியமாக எண்ணியிருந்தார்.

"அப்பவே இந்த மாத்தம் வேண்டாம்னு நீ சொல்லியிருக்கலாம்."

"எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சுங்கய்யா," என்றாள் பியூலா. "உங்களைப் பாத்து 'விடு'ன்னுட்டு நான் எந்தத் தெரு வழியா வேலைக்குப் போறது?"

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள்.

ஜெயிலுக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. தளவாய் வீட்டிலிருந்து ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது ஊர் எல்லையில் மாலையோடு காத்திருந்தார்கள். துப்பாக்கி போவதைக்கூட நினைத்துப் பார்க்க முடிந்தது. ஒரு பெண் தன்னை ஒருமையில் சொன்னதைத் தாங்க முடியாமல் மனு எழுதினேன், அந்த மனுதான் ஒருவன் காலை எடுத்தது என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதை நினைத்தபோதுதான், நடைக்கூடம் நீண்டுகொண்டே போனது. அந்தச் சொற்களைத் தன் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால்கூட அவர் சொல்லிப் பார்த்ததில்லை.

அச்சடித்த தாளை நசீமா நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"அந்தம்மா சொன்னது உண்மையில்ல," என்றார். "வேண்டாம்னுதான் சொன்னா. எனக்கு அது தெரியும். முதல் வருஷம் அவ பேச்சைக் கேட்டுட்டு விரலை வைப்பேன். பெறகு விளக்கை மட்டும் பாக்க ஆரம்பிச்சேன். அன்னிக்கும் விளக்கைத்தான் பாத்தேன்."

"அய்யா, விடுங்க," என்றாள் பியூலா பதறி.

"சார், யோசிச்சுப் பேசுங்க," என்று நசீமா தாளை மேசையில் வைத்தார். "அப்படின்னா நான் மிஷின் பழுதுன்னு எழுதணும்."

"பழுதில்ல. 'விடு'ன்னாத்தான் திறக்கணும்னு ஒழுங்காச் செஞ்சு குடுத்திருந்தீங்க. நான் மனு குடுத்து மாத்த வச்சேன்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்த அம்மா வாயால என்னை ஒருமையில சொல்லிக் கேக்க எனக்குப் பொறுக்கல. அதனால."

"அப்பா," என்றான் கவின். "கேஸ் போனாப் போகுது. ஜெயிலுக்குப் போனாலும் நிமிந்து போகலாம். இதை எழுதிக் குடுத்துட்டு எப்படிப்பா ஊருக்குள்ள..."

நசீமா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு திரையில் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். அவர் முகம் மாறியது.

"மனு இருக்கு. ஜூன் பதினொண்ணாந்தேதி. ஆனா..." திரையை மேலே தள்ளிக்கொண்டே போனார். "ஆனா உங்களோடது மட்டும் இல்ல. மூணு மாசத்துக்குள்ள நாலாயிரத்து இருநூறு மனு வந்திருக்கு. எல்லாம் இதே கோரிக்கை. 'சட்டத்தின் பெயரால் இந்தச் சிறுமை நேரலாகாது.' இந்த வரி எல்லாத்துலயும் அப்படியே இருக்கே."

"சங்கத்துல மாதிரி மனுன்னு சுத்துக்கு விட்டோம்," என்றான் கவின் தரையைப் பார்த்து. "அப்பா எழுதினதைத்தான்."

"தனித்தனியா மாத்த முடியாம, மாநிலம் முழுக்க ஒரே நாள்ல மாத்தியிருக்காங்க," என்றார் நசீமா. "ஆரம்பத்துலேருந்தே ரெண்டு சொல்லுன்னு நான் நெனச்சுட்டிருந்தேன். அப்ப இன்னிக்கும் எல்லாத் துப்பாக்கியும் 'விடுங்க'ன்னாத் திறக்கும்."

தினகரபாண்டியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலம் அந்தக் கோபம் தன் குடும்பத்துக்கே உரிய சொத்து, வேறு எவனுக்கும் அந்தத் தகுதி இல்லை என்று நினைத்திருந்தார். நாலாயிரத்து இருநூறு பேர் அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். தன்னுடையது அதில் முதல் தாள். எல்லாவற்றிலும் முதலில் நிற்பதுதானே வீட்டுப் பழக்கம்.

"சார், இதை நான் எழுதினா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அத்தனை துப்பாக்கியையும் பூட்டிடுவாங்க. வேற சொல்லு வைக்கிறவரைக்கும் திறக்காது. அறுவடை நேரம். உங்க உரிமம் இப்பவே ரத்தாகும், கேஸ் மாஜிஸ்திரேட்டுகிட்டப் போகும். எழுதவா?"

"எழுதுங்க."

"எல்லாரும் உங்க பேரைச் சொல்லித்தான் திட்டுவாங்க."

"திட்டறவன் ஒருமையிலதான் திட்டுவான்," என்றார் தினகரபாண்டியன். "பழகிக்கறேன்."

கவின் எழுந்தான். வெளியே போய்க் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நசீமா பியூலாவின் வாக்குமூலத் தாளை நான்காகக் கிழித்தார். "இதை நான் இன்னும் பதிவேத்தல. நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல."

"சட்டம் இருக்கும்ல, அம்மா?" என்று பியூலா கேட்டாள். அன்றைக்கு நசீமாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வேற சொல்லு கிடைச்சா இருக்கும். கிடைக்கலைன்னா இவங்க சங்கம் அதையே பிடிச்சுக்கும். தமிழ்ல எந்தச் சொல்லும் நம்மகிட்ட ஒரு வேலை மட்டும் பாக்கறதில்லையே." நசீமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "'சுடு'ன்னு வச்சா, டீ சுடுதுன்னாத் திறந்துக்கும்."

"இங்கிலீஷ்ல ஓகேன்னு வச்சா?" என்றாள் பியூலா.

"அதுவும் வேணாம். எங்க சொசைட்டி செயலாளர் தும்மறப்பகூட அதைத்தான் சொல்றாரு," என்று பியூலாவே தன் யோசனையைத் தள்ளிவிட்டாள்.

"பேரை வைங்க," என்றார் தினகரபாண்டியன்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"துப்பாக்கிக்காரன் பேரு. வெறும் பேரு. அய்யா சேக்காம, அண்ணாச்சி சேக்காம. எங்க ஊர்ல எங்களை மாதிரி ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க யாரும் இல்ல. அதனால வாய் தவறி வராது. வேணும்னு நெனச்சாத்தான் வரும்."

நசீமா எழுதப் போனவர் நிறுத்தினார். "உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்காதவன் துப்பாக்கியைக் குடுத்துட்டுப் போகட்டும். தன்னைப் பாத்துப் பயப்படற ஆளு தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதைத் தாங்க முடியாதவன் கையில அது எதுக்கு?"

நசீமா எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பியூலாவின் பக்கம் திரும்பினார்.

"வெறுமனே எழுதி அனுப்பினா மேல யாரும் படிக்கமாட்டாங்க. ஒரு சோதனைப் பதிவோட அனுப்பினா இன்னிக்கே பாப்பாங்க. உங்க காப்புல புதுச் சொல்லை ஏத்தியிருக்கேன். துப்பாக்கி காலியா, பூட்டித்தான் இருக்கு, பயப்படாதீங்க. ஒரு தடவை சொல்லுங்க."

பியூலா காப்பை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. கையை இறக்கினாள்.

"வரலைங்கய்யா," என்றாள் அவரைப் பார்த்து.

"வரும்."

"நீங்க வெளிய இருந்தீங்கன்னா சொல்லிடுவேன்."

"நான் இருக்கறப்ப வரணும். அதுக்குத்தான்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்து அவருக்கு ஞாபகமில்லை.

"தினகரபாண்டியா."

சத்தமாகச் சொல்லவில்லை. பால் அளவைப் படித்துச் சொல்வதுபோல், உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் உடம்பில் எங்கோ ஒரு பழைய நரம்பு சுருக்கென்று இழுத்து, எழுந்துவிடச் சொன்னது. அவர் எழவில்லை. காலையிலிருந்து நிமிர்த்தியே வைத்திருந்த முதுகை மெல்ல நாற்காலியில் சாய்த்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார்.